பாலத்துக்கு அடுத்த ஸ்டாப்

டாக்டரம்மா: ...வாத்தை விடாம அமுக்குங்கண்ணே. வலது கையால. சத்தம் கேக்கணும்.

டிரைவர்: ஐம்பத்தாறு வயசுல ரப்பர் வாத்து. பேத்தி பார்த்தா மானம் போயிடும்.

டாக்டரம்மா: கழுத்துல மட்டும்தான் மரத்துப்போக ஊசி போட்டிருக்கோம். உங்க பேச்சும் வாத்துச் சத்தமும் இருக்கிறவரைக்கும் மூளைக்கு ரத்தம் போகுதுன்னு அர்த்தம்.

டிரைவர்: துணிக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர் ஏன் வாயே திறக்க மாட்டேங்கிறார்?

சர்ஜன்: உங்க கழுத்துல வேலையா இருக்கேன்.

டிரைவர்: அப்ப நீங்க பேசாதீங்க சார்.

டாக்டரம்மா: உங்க ரூட்டைச் சொல்லுங்க. காலேஜ் படிக்கிறப்ப நானும் அந்த பஸ்லதான் போவேன்.

டிரைவர்: இருபத்தெட்டு வருஷம் ஓட்டினது. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் வரும். டிப்போ, மணிக்கூண்டு, தபால் ஆபீஸ்... ஆமா, அடைப்பை எடுக்கக் கழுத்து ரத்தக்குழாயை மூடுற கிளிப்பை எப்பப் போடுவீங்க? முன்னாடியே சொல்லிடுங்க, மனசைத் தேத்திக்கணும்.

டாக்டரம்மா: சொல்றோம். தபால் ஆபீஸ், அப்புறம்?

டிரைவர்: மில் கேட்டு, மரக்கடை, பாலம், ஆஸ்பத்திரி...

டாக்டரம்மா: பாலத்துக்கு அடுத்தது?

டிரைவர்: ஆஸ்பத்திரி.

டாக்டரம்மா: நடுவுல ஒண்ணு இருக்குண்ணே.

டிரைவர்: அடுத்தது ஆஸ்பத்திரிதான்.

டாக்டரம்மா: சார், ஒரு ஸ்டாப் விட்டுப்போச்சு.

சர்ஜன்: வாத்து?

டாக்டரம்மா: கத்துது. பேச்சும் குழறல.

சர்ஜன்: மறந்திருந்தா ரத்தம் பத்தல. சின்னக் குழாயை எடுங்க, உள்ள விட்டு ரத்தத்தை அனுப்பிடலாம்.

டிரைவர்: எதுக்குக் குழாய்? இன்னும் கிளிப்பே போடலையே...

டாக்டரம்மா: போட்டு மூணு நிமிஷம் ஆச்சுண்ணே. சொன்னா பதறுவீங்கன்னு மறைச்சோம்.

டிரைவர்: மூணு நிமிஷமா... அப்ப மில் கேட்டு, மரக்கடையெல்லாம் எதை வெச்சுச் சொன்னேன்?

டாக்டரம்மா: மூளைக்கு அடியில ரவுண்டானா மாதிரி ஒரு வளையம் இருக்கு. இந்தப் பக்கம் அடைச்சா, அந்தப் பக்கத்து ரத்தம் சுத்திக்கிட்டு வந்து கொடுக்கும். எல்லாருக்கும் அது முழுசா அமையறதில்ல.

டிரைவர்: யார் போட்ட ரோடோ... ஒருத்தரும் கை காட்டாம தானா திரும்பி வருதே. உடம்பே சிலிர்க்குது டாக்டரம்மா.

டாக்டரம்மா: எனக்கும்தான். எத்தனை தடவை பார்த்தும் பழகல.

சர்ஜன்: உள்ள கொழுப்பும் சுண்ணாம்பும் காரையா படிஞ்சிருக்கு. குழாயை விடுறப்ப ஒரு துணுக்கு பெயர்ந்து மூளைக்குப் போயிட்டா, பேச்சே போயிடலாம். அவசியமில்லாம விட எனக்கு இஷ்டமில்ல. நிஜமா மறந்தீங்களா?

டிரைவர்: சார்... வெளியில என் சம்சாரம் உக்காந்திருக்கா...

டாக்டரம்மா: நேரமில்லண்ணே. சொல்லுங்க.

டிரைவர்: மறக்கல. பள்ளிக்கூடம். அதைச் சொல்லத்தான் வாய் வரல. இந்த அடைப்பால சவரம் பண்றப்ப இடது கண்ணு இருண்டுச்சுன்னு உங்ககிட்டயும் அவகிட்டயும் சொன்னது பொய். அந்த ஸ்டாப்பை நெருங்குறப்பதான் திரை விழுந்த மாதிரி ஆச்சு. பஸ் நிறைய ஆளு. பிரேக்கை மிதிச்சுட்டேன். கண்ணு தெளிஞ்சு பார்த்தா, இடது பக்கம் பம்பருக்கு ஒரு முழத்துல ஒரு சின்னப் பொண்ணு. பையைச் சரி பண்ணிக்கிட்டு, எனக்குக் கையாட்டிட்டுப் போனா. அதுக்கப்புறமும் ரெண்டு வாரம் ஓட்டினேன் டாக்டரம்மா... லைசென்ஸ் நான் கழட்டி வெச்ச சட்டைப் பையில இருக்கு. எடுத்து வெச்சுக்குங்க. நான் கேட்டாலும் கொடுத்துடாதீங்க.