உடையாத கால்

— எந்தக் கால்னு மட்டும் சொல்லு. இடதா, வலதா?

— என்ன கால்?

— உன் பொண்டாட்டியோட உடைஞ்ச கால். மருந்துக் கடையில உங்க ஆபீஸ் டைப்பிஸ்ட் அக்கா என்னைப் பார்த்தாங்க. முதல்ல குனிஞ்சு காலைப் பார்த்தாங்க. அப்புறம்தான் வயித்தை. "கட்டு பிரிச்சாச்சாம்மா"ன்னாங்க.

— விஷயம் என்னன்னா...

— உங்க மேனேஜர் வீட்டு விருந்துக்கு நீ மட்டும் போனே. குடும்பத்தைக் கூப்பிடலைன்னே. அங்க போய் நான் படுத்த படுக்கைன்னே. நான் தினம் அஞ்சு பீரியட் நின்னுக்கிட்டே பாடம் எடுக்கறேன்.

— படியில வழுக்கிடுச்சுன்னுதான் சொன்னேன்.

— வழுக்கிடுச்சா. படியெல்லாம் போட்டு நல்லாவே வரைஞ்சிருக்கே. வீட்டு பிளான் போடறவன் ஆச்சே.

— கொஞ்சம் உட்காரேன்.

— மாட்டேன். உட்கார்ந்தா எழுந்திரிக்க உன் கை வேணும்.

— விஷயம் என்னன்னா, நான்...

— விஷயம் என்னன்னு எனக்குத் தெரியும். கழுத்து கறுத்துப் போச்சு. மூக்கு குடமிளகாய் மாதிரி ஆயிடுச்சு. என் செருப்பு நுழையல, உன்னுதைப் போட்டுக்கிட்டுத் திரியறேன். ஸ்டாஃப் ரூம்ல "ரெட்டையா, ஏழு மாசத்துக்கே இப்படியா"ன்னு கேக்காமலே வயித்துல கை வைக்கறாங்க. எல்லாத்தையும் முழுங்கிட்டு வீட்டுக்கு வந்தா, நீயும் கூசறே.

— நான் எப்ப கூசினேன்?

— போன வாரம் எடுத்த போட்டோவை உங்க ஆபீஸ் குரூப்ல கழுத்தோட வெட்டிப் போட்டியே. அதுக்குக் கீழ நான் இல்லையா?

— அழகா இல்லைன்னுதானா வெட்டினேன்?

— வேற எதுக்கு?

— போன தடவை மூணாம் மாசமே ஆபீஸ்ல பதினாலு பேருக்கும் ஸ்வீட் குடுத்தேன்.

— அதை இப்ப ஏன் எடுக்கறே?

— அப்புறம் ஒவ்வொரு மேசையாப் போய், குழந்தை இல்லைன்னு சொன்னேன். ஒருத்தர் அன்னைக்கு லீவு. திங்கக்கிழமை வந்து, "ஸ்வீட் அருமை, வீட்ல எப்படி இருக்காங்க"ன்னார். அவருக்கும் சொன்னேன். இன்னொரு தடவை என்னால ஆகாது. கால்னா ஒட்டிக்கிச்சுன்னு சொல்லிக்கலாம்.

— எனக்கு என்ன சொன்னே?

— உனக்கா?

— அன்னைக்கு ஆஸ்பத்திரியில இருந்து வந்தோம். நீ ஸ்டூலைப் போட்டு பாத்ரூம் பல்பை மாத்தினே. மறுநாள் ஆபீஸ் போயிட்டே. பதினாலு பேருக்கு வார்த்தை இருந்திருக்கு. பக்கத்துல படுத்திருந்தவளுக்கு ஒண்ணுகூட இல்ல.

— உனக்குத்தான் தெரியுமே.

— தெரியும். ஆனாலும் வா. என் முன்னாடி வந்து நில்லு. அவங்களுக்குச் சொன்ன மாதிரியே எனக்கும் ஒரு தடவை சொல்லு.