ஆறு குஞ்சுகளின் ரத்தம்

கொஞ்சம் காது குடுங்க... சின்னதா ஒரு கதை சொல்லிட்டு அப்புறம் விஷயத்துக்கு வர்றேன். இங்க உக்காந்திருக்கிற நீங்க எல்லாரும் சுகாதாரத் துறையில வேலை பாக்கறவங்க. அதனால இது உங்களுக்குத்தான்.

நூருன்னிசான்னு ஒரு கால்நடை டாக்டர். ஆலங்குழி ஏரியில கொக்கு, வக்கா எல்லாம் கூடு கட்டும். அந்தக் குஞ்சுகளைப் பிடிச்சு, ரெக்கைக்கு அடியில ஊசி குத்தி, ரெண்டு சொட்டு ரத்தம் எடுத்து, மூளைக்காய்ச்சல் கிருமி இருக்கான்னு பாக்கறதுதான் அவங்க வேலை. மரமேறிக் குஞ்சை எடுத்துக் குடுக்கறவர் கோதண்டம், ஏரியோட காவக்காரர். ஏரிக்கரையிலயே வீடு.

ஒரு நாள் கோதண்டம் கேட்டாரு, "டாக்டரம்மா, கிருமி இருந்தா குஞ்சு செத்துருமா?"

"பறவைக்கு ஒண்ணும் ஆகாதுண்ணே. அதைக் கடிச்ச கொசு நம்மளைக் கடிச்சாத்தான் ஆபத்து. அதுவும் சின்னப் புள்ளைங்களுக்கு."

முடிவு வந்துச்சு. நாப்பது குஞ்சுல ஆறு குஞ்சோட ரத்தத்துல கிருமி. நல்லா கவனிங்க... கூட்டை விட்டு ஒரு அடி பறக்காத குஞ்சுங்க! அப்ப கிருமி எங்கேருந்து வந்துச்சு? அந்த ஏரிக்கரைக் கொசுகிட்டேருந்துதானே?

அந்தம்மா முடிவுத் தாளைத் தூக்கிக்கிட்டு சுகாதார அதிகாரிகிட்ட ஓடினாங்க.

"எத்தனை பேருக்குக் காய்ச்சல்மா?"

"இன்னும் யாருக்கும் இல்ல சார். அதனாலதான் ஓடி வந்தேன். இப்பவே புகை அடிக்கலாம், புள்ளைங்களுக்குத் தடுப்பூசி போடலாம்..."

"ஒருத்தருக்கும் இல்லாததுக்கு நான் மேல என்னன்னு எழுதறது? ஊர்ல வாயைத் திறந்துடாதீங்க. நாளைக்கே கோடாலியோட வந்து மரத்தை வெட்டிருவாங்க. உங்க பறவை ஒண்ணுகூட மிஞ்சாது."

அந்தக் கடைசி வார்த்தை இருக்கே... அது அவங்க வாயைக் கட்டிருச்சு. பறவைங்க மேல அவ்வளவு பிரியம் அவங்களுக்கு. அதிகாரிக்கே ரெண்டு தடவை கடிதம் எழுதினாங்க. பதில் இல்ல. கோதண்டம் கேட்டாரு, "முடிவு வந்துச்சாம்மா?"

என்ன சொன்னாங்க தெரியுமா?

"இன்னும் பாத்துக்கிட்டிருக்கோம்ணே."

சொல்லிட்டாங்க. ஒரே ஒரு பொய்.

முடிவு வந்த பத்தொன்பதாவது நாள் கோதண்டத்தோட மக தேன்மதிக்குக் காய்ச்சல். ஏழு வயசு. மறுநாள் வலிப்பு. ஆஸ்பத்திரியில மூணு நாள். அப்பா அவ பேரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பாக்கல... நாலாவது நாள் காலையில போயிருச்சுங்க.

காரியமெல்லாம் முடிஞ்சு கோதண்டம் டாக்டரம்மாவைத் தேடி வந்தாரு. நின்னுக்கிட்டே கேட்டாரு.

"அம்மா... அந்தக் குஞ்சுங்க ரத்தத்துல ஏதாவது இருந்துச்சா?"

"இருந்துச்சுண்ணே."

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"பாப்பாவுக்குக் காய்ச்சல் வர்றதுக்குப் பத்தொன்பது நாள் முன்னாடி."

அடிச்சாரா? இல்ல. திட்டினாரா? அதுவும் இல்ல. அவர் சொன்னது இவ்வளவுதான்... "ஒரு கொசுவலை கட்டியிருப்பேனேம்மா."

ஒரு கொசுவலை... ஐயா, ஒரே ஒரு கொசுவலை!

அப்புறம் எல்லாம் வந்துச்சு. கொசுவுக்குப் புகை அடிக்கிற வண்டி வந்துச்சு. ஊசி வந்துச்சு. அந்த அதிகாரிக்கு மேல எழுத ஒரு பேரு கிடைச்சுருச்சு. ஊர்க்காரங்க மரத்தையும் வெட்டினாங்க. பறக்கத் தெரியாத குஞ்சுங்க தண்ணியில விழுந்து மிதந்துச்சு. எதைக் காப்பாத்தணும்னு அந்தம்மா வாயை மூடினாங்களோ, அதுவும் மிஞ்சல. இதையெல்லாம் அவங்களே என்கிட்ட சொன்னாங்க. அழக்கூட இல்ல. "யாராவது என்னை ஒரு அறை அறைஞ்சிருக்கலாம்"னு சொன்னாங்க.

இப்பச் சொல்லுங்க, அந்தம்மா கெட்டவங்களா? நம்மளை மாதிரிதாங்க. மேல தகவல் குடுத்தாச்சு, நம்ம கடமை முடிஞ்சுதுன்னு நாம எத்தனை தடவை வீட்டுக்குப் போயிருக்கோம்? நோய் எங்க இருக்குன்னு பறவையோட ரத்தத்துல கண்டுபிடிக்கிற அளவுக்குப் படிச்சிட்டோம். அதைப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிச் சொல்லத் துணிச்சல் இல்ல. ஒரு புள்ளை படுத்தாத்தான் நமக்கு ஆதாரம். அந்தப் புள்ளைதான் நமக்கு முதல் ஆதாரத் தாள்!

உங்க மேசையிலயும் இந்நேரம் ஒரு முடிவு கிடக்கும். யாருக்குத் தெரியணுமோ அவங்களுக்கு இன்னும் தெரியாது. இந்தக் கூட்டம் முடிஞ்சதும் நேரா அங்க போய்ச் சொல்லிருங்க. போவீங்களா...? எனக்கு நம்பிக்கை இல்லைங்க. இதே மாதிரி பத்து ஊர்ல பேசிட்டேன், கை தட்டினாங்க, கலைஞ்சு போயிட்டாங்க.

தயவு செஞ்சு... இன்னைக்குக் கை தட்டாதீங்க.