பூநகரி பஸ்ஸில் ஒரு துவக்குக் கதை

பரந்தனிலிருந்து பூநகரி போகும் பஸ்ஸில், எனக்கு முன்னால் இருந்த பெண் கைத்தொலைபேசியில் சத்தமாகக் கேட்டாள்: “துவக்குக்குள்ள குண்டு இறங்குதில்லையோ?”

பஸ்ஸில் எல்லோருடைய கதையும் நின்றது. கொண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

“ஐயோ, இது விளையாட்டுத் துவக்கு. காத்தாலை ஆளுக்காள் சாயக்குண்டு அடிச்சு விளையாடுறது. தம்பி பிரான்ஸிலை நிக்கிறான்,” என்றவள், நம்பட்டும் என்றோ என்னவோ, ஸ்பீக்கரைப் போட்டாள்.

“அக்கா, வேலையிடத்து ஆக்கள் இண்டைக்குத்தான் என்னையும் கூட்டிக்கொண்டு வந்தவை. குண்டு பாதி வழியிலை நிண்டு உடையுது. நான் ஓரமா நிக்கிறன்.”

“காத்துப் பத்தாது போலை. எங்கையாவது இரையுதோ?”

“ஓம், காத்துப் போத்தல் பூட்டுற இடத்திலை.”

“சைக்கிள் வால்வுக்குப் பூசிற மாதிரி துப்பலைப் பூசிப் பார்.”

மறுமுனையில் துப்பும் சத்தம் கேட்டது.

“குமிழி வருது அக்கா! போத்தலைக் கழட்டிப் பாத்தன், றப்பர் வளையம் வெடிச்சிருக்கு.”

“ஆரிட்டையாவது வேறை இருக்கோ கேள்.”

“எனக்கு அவையின்ரை பாஷை வடிவா வராதே.”

“வளையத்தைக் காட்டிக் கேளடா.”

பிரெஞ்சில் யாரோ சிரித்துப் பேசுவது கேட்டது. பிறகு பட், பட், பட்டென்று வெடித்தது.

“வளையம் தந்தவை, அடிக்குது அக்கா! விளையாடக் கூப்பிடுகினம், வைக்கிறன்.”

அவள் முகமெல்லாம் சிரிப்பாக இருந்தது. பக்கத்து இருக்கைப் பெரியவர் எட்டிக் கேட்டார்: “பிள்ளை, தோட்டத்துக்கு வாற குரங்குக்கு அதாலை அடிச்சால் நோகுமோ?”

“கொஞ்சம் நோகும் ஐயா. நீலச் சாயம் எண்டால் மேலெல்லாம் நீலமாகும்.”

“நீலக் குரங்கை மற்றக் குரங்குகள் சேர்க்குமோ?”

“சேர்க்கும் ஐயா,” என்றாள் அவள், கைத்தொலைபேசியைப் பார்த்தபடி.