அரைச் சுத்து

மொதல்ல அந்த ஜன்னல் கம்பிய ஒரு தடவ தொட்டுருங்க தம்பி. எம்மகனோட சட்டம் அது, ரிப்பேருக்கு வந்த உங்களுக்கும்தான். அவன் குளிக்கிறான். நம்ம கையில இருக்கிற மின்சாரம் உள்ள எறங்கிட்டா கம்ப்யூட்டர் போயிடுமாம். தொட்டாச்சா? இப்பக் கழட்டுங்க. டார்ச்ச நான் புடிக்கிறேன், எனக்குப் பழக்கந்தான்.

ஆமா, புதுசு. ஒவ்வொரு சாமானா வரவழைச்சு அவனே பூட்டினான். கூரியர் வந்தப்பல்லாம் வாசலுக்கு ஓடினது நான். மொத மொத ஸ்விட்சப் போட்டப்ப, கண்ண மூடி வேண்டிக்கிட்டு நின்னேன். கண்ணத் தொறந்தா, உள்ள விளக்கெல்லாம் எரியுது, இவன் சிரிக்கிறான். அந்தச் சிரிப்பப் பாத்து எவ்வளவு நாளாச்சு! அர மணி நேரங்கூட நிக்கல. திரை நீலமா மாறிச்சு, அணைஞ்சுது, அதுவா எந்திரிச்சுது, மறுபடி படுத்துச்சு.

பவர் சப்ளைய மாத்திட்டான் தம்பி. சூடும் இல்ல. மூடியக் கழட்டி, வீட்ல இருக்கிற ஒரே டேபிள் ஃபேன அதுக்குத் திருப்பி வெச்சுட்டு நாங்க ரெண்டு பேரும் வேர்த்து ஊத்தினோம். அது சொகமா காத்து வாங்கிக்கிட்டே நின்னு போச்சு. ராம்னு மெமரிக் குச்சி ரெண்டு இருக்குல்ல, தனித்தனியா போட்டா ஓடுது, சேத்துப் போட்டா மொறைச்சுக்குது. சின்ன வயசுல நீயும் உங்கக்காவும் இப்படித்தாண்டான்னு சொல்லிட்டேன். மொகத்தத் திருப்பிக்கிட்டு மறுபடி கழட்ட ஆரம்பிச்சுட்டான்.

சத்தமாப் பேசலாம், பரவால்ல. எனக்குத்தான் மெதுவாப் பேசிப் பேசிப் பழகிப் போச்சு. மிக்ஸி போட்டா கரண்ட் ஆடுதும்மான்னுவான். இஸ்திரிப் பொட்டி தொட்டே நாளாச்சு. கம்ப்யூட்டர் ஓடுறப்ப நான் ஒரு மூலையில அசையாம உக்காந்து ஜெபம் பண்ணிக்கிட்டிருப்பேன்.

வேலையா? வந்திருக்கு தம்பி. வீட்லயே இருந்து செய்யிற வேல. இது நிக்காம ஓடுனா வர்ற திங்கக்கெழம சேந்துடுவான்.

அதுக்குள்ள கண்டுபுடிச்சிட்டீங்களா! எது, உள்ள பூட்டியிருக்கிற இந்தப் பெரிய ஃபேனா? அளவுக்கு மேல இறுக்கியிருக்கா? அதனால அடியில இருக்கிற சிப்பு அழுந்திப் போயி, ராம் குச்சியோட அதால சரியாப் பேச முடியலையா? அட கடவுளே. நல்லா இறுக்குடா, லூசா இருந்தா விழுந்துடப் போவுதுன்னு டார்ச்சப் புடிச்சுக்கிட்டுச் சொன்னதே நாந்தான். அவனும் பல்லக் கடிச்சுக்கிட்டு இறுக்கினான்.

அவ்வளவுதானா? ஸ்க்ரூவ அரைச் சுத்து தளத்திட்டாப் போதுமா?

இருங்க தம்பி. கைய எடுங்க. தளத்தாதீங்க.

அவன் குளிக்கிறான்னு சொன்னேனே, இன்னும் தண்ணி ஓடுதேன்னுதானே பாக்குறீங்க? குளிக்கல. நீங்க பெல் அடிச்சதும் உள்ள போனவன். நீங்க படியெறங்குற சத்தம் கேட்டாத்தான் கதவத் தொறப்பான். முந்தி ஆபீஸ்ல எல்லார் முன்னாடியும் நிக்க வெச்சு ஒரு பேச்சுப் பேசிட்டாங்க. என்ன பேசினாங்கன்னு இன்னி வரைக்கும் எங்கிட்ட சொல்லல. அன்னிக்கு வந்து செருப்பக் கழட்டினவன்தான், திரும்ப மாட்டவே இல்ல. ஒரு மழக்காலம் போயி அடுத்ததும் வந்துருச்சு. முடிகூட நான்தான் வெட்டி விடுறேன், கோணல் மாணலா.

இது ஓடணும்னுதான் இத்தன நாள் வேண்டிக்கிட்டிருந்தேன். நீங்க அரைச் சுத்துன்னதும்தான் எனக்கு ஒறைச்சுது. இது ஓடிட்டா வேலையும் உள்ளயே, சம்பளமும் உள்ளயே. அப்புறம் எதுக்குத் தம்பி அவன் வாசலத் தாண்டணும்? ஓட வெய்யின்னு கேட்ட வாயால, ஓட விடாதன்னு கடவுள்கிட்ட எப்படிக் கேக்குறது? அதான் உங்ககிட்ட கேக்குறேன்.

பொய் சொல்ல வேணாம். இங்க வெச்சு முடியாது, கடைக்குக் கொண்டு போறேன்னு மட்டும் பாத்ரூம் கதவுக்குக் கேக்குற மாதிரி சொல்லுங்க. பொட்டியோட பக்கமெல்லாம் கண்ணாடி, ஆட்டோவுல மடியில வெச்சுப் புடிச்சுக்க ஒரு ஆள் வேணும்னு சொல்லுங்க. ஹால்லேர்ந்து இந்த ரூமுக்கு மாத்தவே என்னையத் தொட விடல, நெஞ்சோட அணைச்சுத் தூக்கிட்டு வந்தான். இது தனியா வெளிய போறத அவன் பாத்துக்கிட்டு இருக்க மாட்டான். அங்க போயி அந்த ஸ்க்ரூவ அவன் கையாலயே தளத்தச் சொல்லுங்க. திரும்பி வர்றதுக்கு எவ்வளவு நேரமானாலும் பரவால்ல.

சொல்றீங்களா? நல்லாருப்பீங்க. கொஞ்சம் பொறுங்க, கூப்பிட்டுறாதீங்க. அவன் செருப்பு காஞ்சு வெறைச்சுப் போயிருக்கும். ஈரத்துணியில தொடச்சு வாசல்ல எடுத்து வெச்சுட்டு வந்துடுறேன்.