மூன்று வைகாசிக்குப் பிறகு

"கர்ப்பப்பைய எடுத்தா பெலன் போயிருமாம் எண்டு அவர் சொல்றார்."

"அண்ணன் எப்ப மச்சி கர்ப்பப்பை வெச்சிருந்தவர்?"

செங்கலடியில் பஸ் ஏறி உட்கார்ந்ததுமே முன் சீற்றிலிருந்து இது கேட்டது. கடைக்குப் போகச் சொன்னால் கேட்காது என்று மனைவி பழிக்கும் என் காது, அன்றைக்கு நன்றாகவே வேலை செய்தது. பேசியவர்கள் இரண்டு மச்சாள்மார்; இளையவர் மூத்தவருடைய கணவரின் தங்கை. மூத்தவருக்குக் கர்ப்பப்பையில் கட்டிகள். மட்டக்களப்பு கிளினிக்கில் அன்று டொக்டரிடம் முடிவு சொல்லவேண்டும்.

"குளிசை போட்டும் ரெத்தப்போக்கு குறையல்லயே?"

"இல்லகா. கட்டிய மட்டும் வெட்டி எடுக்கலாமாம், ஆனா மறுகாவும் வளரலாமாம். பையோட எடுத்தா அதோட சரி. கென்சர் இல்ல, நீங்களே யோசிச்சுச் சொல்லுங்க எண்டுட்டார்."

"இன்னொரு புள்ள பெறுற எண்ணமோ?"

"நாப்பத்தேழு வயசிலயா? மருமகன் சிரிப்பான்."

தன்னாமுனையில் நான் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை.

"அப்ப என்ன மச்சி யோசனை?"

"மூணு வருசமா வைகாசியில அம்மன்ட சடங்கு பாக்கல்ல. வருசத்தில ஒருக்காக் கோயில் கதவு திறக்கிற அண்டைக்கே எனக்கு ரெத்தம் தொடங்கிரும். ஊரெல்லாம் கோயில்ல, நான் வீட்டில இருந்து பறைச் சத்தம் கேக்கிற."

இளையவர் மச்சாளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பையோடயே எடுக்கச் சொல்லப்போறன்கா."

"அண்ணனுக்கு என்ன சொல்ற?"

"வாற வைகாசி கதவு திறக்கக்குள்ள போனா, கடைசி நாள் குளுத்தியும் முடிஞ்சுதான் வீட்டுக்கு வருவன். அதுவரைக்கும் அவரே சோறாக்கித் தின்னட்டும் எண்டு சொல்லு."