மட்கார்டில் ரெண்டு தட்டு

டயருக்குக் காற்றை விடியற்காலையில்தான் பார்க்க வேண்டும் ஐயா. வெயில் ஏறிவிட்டால் உள்ளே இருக்கிற காற்றும் சூடாகி, கேஜில் பவுண்டைக் கூட்டிக் காட்டும். அதை நம்பிக் காற்றை இறக்கிவிட்டால் மறுநாள் காலையில் சக்கரம் சப்பிப்போய் நிற்கும். புதிதாகக் கார் வாங்குகிற பெரிய மனிதர்கள் எல்லோரும் செய்கிற தப்பு இது. கோர்ட்டு வாசலில் நிற்கிற உங்கள் காரை வரும்போதே பார்த்தேன். முன் வலது சக்கரத்தில் கொஞ்சம் குறைவு. யாரிடமாவது சொல்லிச் சரி பண்ணிக்கொள்ளுங்கள்.

உட்கார்ந்தே சொல் என்றீர்கள், மாஜிஸ்திரேட் ஐயா. நல்லது. என் பேர் ஞானமுத்து. இதே உத்தமபாளையத்தில் பஸ் ஷெட்டில் டயர்க்காரன். பஞ்சர் ஒட்டுவது, சக்கரம் மாற்றுவது, காற்றுப் பார்ப்பது, எல்லாம் நான்தான். யாரும் என்னை அடித்துச் சொல்லச் சொல்லவில்லை. நானாகத்தான் சொல்கிறேன். நீங்கள் நிதானமாக எழுதிக்கொள்ளலாம், எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

எங்கள் ஷெட்டில் ஒரு வழக்கம் உண்டு. கிளம்புகிற வண்டியின் டயர் ஒவ்வொன்றையும் கொட்டாப்புளியால், அதாவது மரச் சுத்தியலால், ஒரு அடி அடித்துப் பார்ப்பேன். காற்று நிறைந்த டயர் கணீரென்று சொல்லும், குறைந்தது பொத்தென்று சொல்லும். சுற்றிவந்து கடைசியாக முன் இடது சக்கரத்தையும் அடித்துப் பார்த்துவிட்டு, மட்கார்டில் கையால் ரெண்டு தட்டுத் தட்டுவேன். அந்த ரெண்டு தட்டு விழாமல் எந்த டிரைவரும் கியரில் கை வைக்கமாட்டான். முதலாளியே வந்து கத்தினாலும், டிரைவர் சீனிச்சாமி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "ஞானமுத்தண்ணே இன்னும் தட்டலைங்க" என்று சொல்லிவிட்டு ஸ்டியரிங்கில் சாய்ந்துகொள்வான். அப்படி ஒரு நம்பிக்கை அவனுக்கு.

இருதயம்மாள் என் ஒரே மகள். அவள் நடக்கப் பழகின வருஷம் அவள் தாய் செபஸ்தியம்மாளைக் காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. இந்தப் பள்ளத்தாக்குக் காய்ச்சலைப் பற்றி உங்களுக்குத் தெரியாததில்லை. பிள்ளையை யாரிடமும் கொடுக்கவில்லை நான். ஷெட்டில் ஒரு பழைய டயரைப் படுக்கப் போட்டு, அதன் நடுவில் சாக்கை விரித்து உட்கார வைத்துக்கொண்டுதான் வேலை பார்த்தேன். அவள் விளையாடினது வால்வு மூடியை வைத்து. நான் கொட்டாப்புளியால் அடிக்கிற சத்தத்தைக் கேட்டுக் கேட்டு அவளுக்கும் காது பழகிவிட்டது. பொத்தென்று கேட்டால், "அப்பா, இது பசிக்குது" என்பாள். காற்று அடித்த பிறகு இன்னொரு தடவை அடிக்கச் சொல்லி, "இப்பச் சாப்டுருச்சு" என்று கை தட்டுவாள். டிரைவர்மார் எல்லாம் அவளை வம்புக்கு இழுப்பார்கள். ஏலே, சின்ன மேஸ்திரி சொல்லட்டும், அப்புறம் கிளம்பலாம் என்பான் சீனிச்சாமி. அந்த நாட்களில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

படிக்க வைத்ததும் நான்தான். அந்தப் படிப்பு அவளை எங்கே கொண்டுபோகும் என்று நினைக்கவில்லை. மலைக்கு அந்தப் பக்கம், மலையாளச் சீமையில், ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸு வேலை பழக அவளுக்கு இடம் கிடைத்தது. சிஸ்டர்மார் வந்து சந்தோஷமாகச் சொன்னார்கள். அவர்களுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன். அவர்கள் போன பிறகு டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்தேன்.

அவளை நிறுத்திவைக்க நான் முயற்சி செய்யாமல் இல்லை. ராயப்பன்பட்டியில் இருக்கிற என் தங்கை மகன் ஜேசுராஜுக்கு அவளைப் பேசினேன். அவளே அவனைக் கூப்பிட்டு வைத்து இதமாகப் பேசி அனுப்பிவிட்டாள். அவனும் சிரித்துக்கொண்டே போனான். பங்குச் சாமியாரிடம் போய் நின்றேன், நீ பெருமைப்பட வேண்டிய விஷயம் என்று முதுகில் தட்டினார். சாப்பிடாமல் கிடந்து பார்த்தேன். அவள் கோபிக்கவில்லை. கஞ்சியைக் கரைத்துப் பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டிவிட்டாள்.

"லீவுக்கு லீவு வருவேன்ப்பா. அங்கன என்ன, கடலா தாண்டிப் போறேன்? மலையேறி எறங்குனா வந்துட்டேன்."

அவள் நல்லவிதமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் அது காதில் ஏறவில்லை. போனவர்கள் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் ஐயா? ராத்திரி வீட்டுக்கு வந்தால் விளக்கு ஏற்ற ஆள் இல்லாத வீட்டை நினைத்துப் பார்த்தேன். என்னால் முடியாது என்று தெரிந்துபோயிற்று. கையில் வேறு வழியும் இல்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் சக்கரம் ஒன்றுதான்.

அவள் குமுளிக்குப் போகிற எங்கள் ஷெட்டு பஸ் வழியில் நின்றுபோனால் போதும் என்றுதான் முதலில் நினைத்தேன். குமுளியில் சிஸ்டர்மார் ஒரு கார் வைத்துக் காத்திருப்பார்கள். அன்றைக்குப் போகாவிட்டால் அந்த வருஷத்து இடம் வேறு பெண்ணுக்குப் போய்விடும் என்று சொல்லியிருந்தார்கள். ஆக, ஒரு வேளை தாமதம். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

வெறும் காற்றைக் குறைத்தால் காரியம் ஆகாது. ஸ்டியரிங் கனக்கும். சீனிச்சாமி கம்பம் வருவதற்குள் இறங்கிப் பம்பை எடுத்துவிடுவான். அதனால், காற்று அடித்துச் சரிபண்ண முடியாத ஒரு டயர் வேண்டும். எங்கள் வண்டியில் அப்படி ஒன்று இருந்தது. உலகச் சண்டை நடக்கிற காலம், சர்க்கார் பெர்மிட் இல்லாமல் புது டயரைக் கண்ணால் பார்க்க முடியாது. ஸ்டெப்னியைக்கூடச் சக்கரத்தில் மாட்டி ஓட்டிக்கொண்டிருந்தோம். ஒரு டயரின் பக்கவாட்டில் விரல் நுழைகிற மாதிரி வெட்டு. உள்ளே பழைய டயரில் அறுத்த பட்டை ஒன்றை அணை கொடுத்து, பின்னால் உள்சக்கரத்தில் மாட்டியிருந்தேன். அங்கே அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

பின்னால் ரெட்டைச் சக்கரம் ஐயா. ஒன்று போனாலும் மற்றது தாங்கிக்கொள்ளும், வண்டி போய்க்கொண்டே இருக்கும். முன் சக்கரம் போனால்தான் வண்டி நிற்கும். ஆகையால் அந்த டயரைக் கழற்றி முன் இடது பக்கம் மாட்டினேன். மாட்டும்போது உள்ளே இருந்த பட்டையை எடுத்துவிட்டேன். பட்டை இல்லாமல் முழுக் காற்று அடித்தால் ஷெட்டிலேயே வெடித்துவிடும். அதனால் ஸ்டியரிங்கில் தெரியாத அளவுக்குக் கொஞ்சம் குறைத்து அடித்தேன். வெட்டு தெரியாமல் மேலே ஈரச் சேற்றைப் பூசினேன். வேலையில் நான் எதையும் அரைகுறையாக விடுகிறவன் இல்லை.

முன் சக்கரம் வெடித்தால் வண்டி அந்தப் பக்கம் இழுக்கும் என்று எனக்குத் தெரியுமா என்று கேட்கிறீர்கள். தெரியும். தெரியாது என்று சொன்னால் இத்தனை வருஷம் பார்த்த வேலைக்கு மரியாதை இல்லை. ஆனால் கூடலூர் வரைக்கும் சமதரை, மலையேற்றம் அதற்கு அப்புறம்தான். சரளை ரோடு, வெயில், பாரம், எல்லாம் சேர்ந்து டயர் கூடலூருக்கு முன்னாலேயே சூடாகிப் போய்விடும் என்று கணக்குப் போட்டேன். அங்கே வெடித்தால் வண்டி வயலில் இறங்கும், நாலு பேருக்குச் சிராய்ப்பு வரும். அதோடு போயிருக்கும். அன்றைக்கென்று வெயில் இல்லை. மலையாளத்துப் பக்கமிருந்து சாரல் அடித்துக்கொண்டே இருந்தது. ரோடு குளிர்ந்து கிடந்தது. சாரலுக்கு நான் பொறுப்பாக முடியுமா?

என் மகளுக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்பதில் நான் கவனமாகத்தான் இருந்தேன். அவளைக் கடைசி ஸீட்டில், மூலையில் உட்கார வைத்து, முதுகுக்கு ஒரு தலையணையும் கொடுத்தேன். எதற்குப்பா தலையணை என்று சிரித்தாள். வழி தூரம்மா என்றேன். அப்புறம் கொட்டாப்புளியை எடுத்துக்கொண்டு டயர் பார்க்கப் போனேன்.

வெடித்தது லோயர் கேம்ப் தாண்டி, மலையேற்றத்தில். பெட்ரோல் கிடைக்காமல் கரிப்புகையில் ஓடுகிற கரிகேஸ் வண்டி, நடக்கிற வேகம்தான். இருந்தாலும் வளைவில் இடது பக்கம் பள்ளம். சீனிச்சாமி பலமுள்ள ஆள், ஸ்டியரிங்கை வயிற்றோடு அணைத்துப் பிடித்திருக்கிறான். நிற்கவில்லை. ஓரக்கல்லைத் தள்ளிக்கொண்டு வண்டி உருண்டு கீழ்ரோட்டில் விழுந்தது. கடமலைக்குண்டிலிருந்து ஏலத்தோட்டத்து வேலைக்குப் போன ஒச்சாண்டியும் அவன் பெண்டாட்டி மாயக்காளும் அங்கேயே செத்தார்கள். இன்னொரு பெரியவரும் செத்தார், அவர் பேர் எனக்குத் தெரியாது. அவர்களுக்காகக் கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினேன். சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனமும் செய்தேன். பொய் சொன்னது, கோபப்பட்டது எல்லாம் சொன்னேன். இதைச் சொல்லவில்லை. இது அந்தக் கணக்கில் வரும் என்று எனக்குத் தோன்றவில்லை.

சீனிச்சாமி கண்மண் தெரியாமல் ஓட்டினான் என்று கேஸ் போட்டார்கள், நீங்களும் அவனை உள்ளே வைத்தீர்கள். டயர் எப்படி இருந்தது என்று போலீஸ் என்னைக் கேட்டபோது, கிளம்பும்போது நன்றாக இருந்தது என்றேன். அவன் மேல் எனக்கு எந்த விரோதமும் கிடையாது. அவன் பெண்டாட்டி கருத்தம்மாளுக்கு வீட்டில் இருந்த அரிசியில் பாதியைக் கொடுத்தனுப்பினேன்.

என் மகள் பிழைத்தாள். இடுப்புக்குக் கீழே அவளுக்கு ஓட்டம் இல்லை, இனி வராது என்று டாக்டர் சொன்னார். வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தேன். அவளைத் தூக்கிக் குளிப்பாட்டி, தலைசீவி, சோறு ஊட்டுவேன். சிறுபிள்ளையில் செய்ததுதானே. சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அவள் இருப்பாள். உண்மையைச் சொல்ல வேண்டும் என்பதால் சொல்கிறேன், எனக்கு நிம்மதியாக இருந்தது. அவள்தான் பேசுவதை நிறுத்திக்கொண்டாள். வலியினால் என்று நினைத்தேன்.

பிறகு அவளாகவே கருத்தம்மாளிடம் சொல்லி ஏட்டய்யாவை வரவழைத்திருக்கிறாள். அவள் சொன்னதை இப்போது படித்துக் காட்டினீர்கள். கடைசி ஸீட்டில் அவள் உட்காரவில்லையாம். வெற்றிலை விற்கிற மொக்கம்மாளுக்கு முன் ஸீட்டில் எஞ்சின் சூடு ஒத்துக்கொள்ளாமல் குமட்டியதாம். இவள் இரக்கப்பட்டுத் தன் இடத்தைக் கொடுத்துவிட்டு, முன் இடது ஜன்னலோரம் வந்து உட்கார்ந்தாளாம். மொக்கம்மாள் ஒரு கீறலும் இல்லாமல் இருக்கிறாள்.

"பசிச்ச சத்தம்தேன் கேட்டுச்சு. சத்தம் சரியில்லையேன்னு அப்பா மூஞ்சியப் பாத்தேன். அப்பாவும் என்னயப் பாத்தாக. பாத்துட்டுத் தட்டுனாக. அப்பா தட்டுனாச் சரியாத்தான் இருக்கும்னு இருந்துட்டேன்."

அதைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள், பார்த்தாயா என்று. பார்த்தேன் ஐயா. சுற்றிவந்து முன் இடது சக்கரத்தை அடித்துவிட்டு நிமிர்ந்தால், அவள் எனக்கு நேர் மேலே, அந்தச் சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கிறாள். கை மட்கார்டுக்கு மேலே நிற்கிறது. சீனிச்சாமி காதைக் கொடுத்துக் காத்திருக்கிறான். தட்டாமல் விட்டிருக்கலாம். ஒரு வார்த்தை, டயர் சரியில்லை, இறங்குங்கள் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன நடக்கும்? பட்டையை வைத்து மாட்டுவேன், காற்று அடிப்பேன், வண்டி நல்லபடியாகப் போகும், அவளும் போய்விடுவாள். நல்லபடியாகப் போனால் அவள் எனக்கு இல்லை. தட்டினால், அடிபட்டாவது எனக்கு இருக்கலாம். அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டேதான் ரெண்டு தட்டும் தட்டினேன். எழுதிக்கொள்ளுங்கள். டயரை மாற்றினது நான், பட்டையை எடுத்தது நான், தெரிந்தே தட்டினதும் நான். சீனிச்சாமியை விட்டுவிடுங்கள்.

எந்தத் தண்டனை கொடுத்தாலும் எனக்குச் சம்மதம். ஒன்றுதான் கேட்கிறேன். நாளைக் காலையில் சிஸ்டர்மார் வண்டி கொண்டுவந்து அவளை மலைக்கு அந்தப் பக்கம் கூட்டிப்போகப் போவதாக ஏட்டய்யா சொன்னார். அவளே கேட்டாளாம், அப்பாவிடம் மட்டும் விடாதீர்கள் என்று. வலியில் ஏதோ சொல்லியிருப்பாள். போகட்டும், நான் தடுக்க முடியுமா? எந்த வண்டி, யார் டயர் பார்த்தார்கள் என்று எனக்குத் தெரியாது. விலங்கோடு வேண்டுமானாலும் என்னை அந்த வண்டியிடம் கூட்டிப்போங்கள். கொட்டாப்புளியைக் கொண்டு ஒரு தடவை நான் சுற்றிவந்து பார்த்த பிறகு அவளை ஏற்றட்டும். என் கை தட்டாத வண்டியில் அவள் ஏறமாட்டாள் ஐயா, பயப்படுவாள்.