மூலையில் ஒரு நீலப் புள்ளி

— ஒரு மணி நேரமுங்க. கோத்தகிரி பஸ் ஸ்டாண்டுல, அந்த மழையில, கைக்குழந்தையோட நின்னிருக்காங்க.

— நம்ம ஹோம்ஸ்டேக்குத்தான வந்தாங்க, ஒரு போன் போட்டிருந்தா ஜீப்பை எடுத்துட்டு நானே போயிருப்பனே, இந்து.

— எந்த நம்பருக்குப் போடறது? நம்ம வெப்சைட்டை அவங்க போன்ல தொறந்தா நம்பர்ல பத்துக்கு ஆறு எண்ணுதான் தெரியுது. மிச்சம் நாலும் திரைக்கு வெளிய போயிருச்சு. அந்தத் திருப்பூர்க்காரர் தலையத் தொவட்டிக்கிட்டே சொன்னாரு, ரூமெல்லாம் புதுசா இருக்குதுங்க, வெப்சைட்டுக்குத்தான் வயசாயிருச்சுன்னு.

— கம்ப்யூட்டர்ல தொறந்து பாக்கச் சொல்லு. கிண்ணுன்னு நிக்கும்.

— மலையேறி வர்றவரு கம்ப்யூட்டரத் தலையில வச்சுட்டா வருவாரு? ஏனுங்க, பக்கம் முழுக்க டேபிளாப் போட்டுக் கட்டி வச்சிருக்கறீங்க. கட்டத்துக்குள்ள கட்டம், அதுக்குள்ள இன்னொரு கட்டம். ரூம் படம் ஒண்ணுல, வர்ற வழி ஒண்ணுல, போன் நம்பர் அந்தக் கோடியில. சின்னத் திரையில அது எப்படி மடங்கும்?

— எதுக்கு மடங்கோணும்? பதினாறு வருசமா அது பாட்டுக்கு நிக்குதில்ல?

— நிக்குதுங்க. நகரத்தான் மாட்டேங்குது. ஸ்டைல் ஷீட்டுன்னா எழுத்தும் படமும் ஒரு பக்கம், அது எங்க எப்படி நிக்கோணுங்கறது தனியா ஒரு பக்கம். பெரிய திரையில அக்கம்பக்கமா நிக்கும். போன்ல ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா எறங்கிரும். டீ பேக்டரிக்கு, அன்னக்கிளி அக்காவோட நர்சரிக்கெல்லாம் நாந்தான் அப்படிப் பண்ணிக் குடுத்தேன். சொந்த ஊட்டுக்குத்தான் முடியல.

— பண்ணு, ஆரு வேண்டாங்கறா. நம்பருக்குப் பக்கத்துல ஒரு வெறுங் கட்டம் இருக்குது பாரு, அத மட்டும் தொடாத.

— அந்த மூலையில நீலமா ஒரு புள்ளி இருக்குமே, அதுவா? ரூம் கூட்டற சின்னம்மை வேலைக்கு வந்த புதுசுல, திரையில அழுக்குன்னு முந்தானையால தொடச்சுத் தொடச்சுப் பாத்தா.

— புள்ளி இருக்கோணும். உள்ள ஒண்ணுமில்லாட்டி கட்டம் சுருங்கிரும், பக்கமே சரிஞ்சுரும். கம்ப்யூட்டர் சென்டர்ல நம்ம ரெண்டு பேருத்துக்கும் ஒரே வாத்தியாருதான சொல்லிக் குடுத்தாரு? மறந்துட்டியா?

— அவரு கண்ணுக்குத் தெரியாத புள்ளியத்தான வைக்கச் சொன்னாரு?

— எங்கிட்ட அது இல்ல. கையில கெடச்ச படத்தப் புள்ளியளவுக்குச் சுருக்கி வச்சுட்டேன்.

— என்ன படமுங்க?

— என்னமோ ஒண்ணு. ஆருக்கு ஞாபகம்? நீ அடுப்புல பால் வச்சியே.

— எறக்கியாச்சு. உங்க காது ஏன் செவந்து கெடக்குது?

— குளுருக்கு.

— குன்னூர் சென்டர்ல கடைசி நாளு எல்லாத்தையும் நிக்க வச்சு ஒரு குரூப் போட்டோ எடுத்தாங்க. ரெண்டாவது வரிசையில ஒரு புள்ள, எங்கம்மா பின்னிக் குடுத்த நீல ஸ்வெட்டர் போட்டுட்டு வேற பக்கம் பாத்துட்டு நிப்பா. அவள மட்டும் வெட்டி எடுத்த படம்.

— எப்பப் பாத்த?

— கல்யாணமாகி மறு மாசமே. ஆறு மாசம் எனக்குப் பின் பெஞ்சுல உக்காந்து ஒரு வார்த்தை பேசல, அப்புறம் நேரா அம்மாவக் கூட்டிட்டுப் பொண்ணு கேக்க வந்த ஆளாச்சே. எங்கதான் எதைத்தான் ஒளிச்சு வச்சிருக்கறாருன்னு தேடிப் பாத்தேன்.

— தெரிஞ்சுட்டேவா வருசா வருசம் சீசனுக்கு முன்னால எங்கூடச் சண்டை?

— ஆளு வரோணுமில்லீங்க.

— சரி, மாத்திரு. குழந்தையோட மழையில நிக்க வச்சதுக்கப்புறமும் நான் புடிச்ச புடியில நின்னா நல்லாருக்காது. எத்தன நாளாகும்?

— புதுசு எழுதி முடிச்சே ஆறு வருசமாச்சுங்க. அதுல வெறுங் கட்டமும் இல்ல, புள்ளிக்கு வேலையும் இல்ல. அந்தப் புள்ளைய எங்க நிக்க வைக்கறதுன்னு தெரியாமத்தான் இன்னும் போடாம வச்சிருக்கறேன்.